மின்சாரம் நின்றபின் எத்தனை மணி நேரம்? முதியோர் உள்ள இல்லங்களுக்கு ஒரு கணக்கு

ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்களைக் காணும் மாவட்டம் நம்முடையது. இடவப்பாதியில் தென்மேற்குப் பருவம் வருகிறது; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வருகிறது. தென்னையும் ரப்பரும் பலாவும் வீட்டுக் கூரையை உரசி வளரும் ஊர்களில் மின்கம்பிகளும் அந்த மரங்களுக்கிடையேதான் செல்கின்றன. ஆகவே காற்றும் மழையும் வலுத்தால் மின்சாரம் நிற்பது இங்கு எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால் சில மணி நேர மின்தடைக்கும் பல நாள் மின்தடைக்கும் உள்ள வேறுபாட்டை 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயல் நமக்குக் காட்டியது.

அந்தப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல்வழியாகவே கடந்து சென்றது. ஆயினும் அதன் காற்றில் மாவட்டமெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்தன, சாலைகள் அடைபட்டன. பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து இரவு பகலாக உழைத்த பிறகும், பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கணக்கானது. பல இடங்களில் கைப்பேசிச் சேவையும் நின்றுபோனது. கடலுக்குச் சென்று திரும்பாத மீனவர்களின் இழப்பு நம் நினைவில் முதலிடம் பெற்றிருப்பது முறையே. அதே நாட்களில் வீடுகளுக்குள், இருட்டில், கட்டிலோடு கிடந்த முதியோர் பட்ட துன்பம் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இத்தகைய துன்பம் எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு அதே ஆண்டில் வேறொரு கடற்கரையில் நடந்தது சான்று. 2017 செப்டம்பரில் மரியா என்னும் சூறாவளி கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. இறந்தோர் 64 பேர் என்றே அரசு முதலில் கணக்கிட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுத்துவந்த ஆறு மாத இறப்புகளை ஆராய்ந்து, 2018இல் அந்த எண்ணிக்கையை 2,975 என மதிப்பிட்டார்கள். தீவு முழுவதும் மின்சாரம் திரும்பப் பல மாதங்கள் ஆயின. மருந்தும் சிகிச்சையும் உரிய நேரத்தில் கிட்டாமல் போனதும் இத்தனை இறப்புகளுக்கு ஒரு காரணம். ஏழைகளும் 65 வயதைக் கடந்த ஆண்களுமே அவர்களுள் அதிக ஆபத்துக்கு உள்ளானவர்கள்.

காற்று ஓய்ந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். வீட்டிலுள்ள முதியவருக்கு ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். அதைத் தடுப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு தாளும், பேனாவும், ஒரு கணக்கும் போதும். அந்தக் கணக்கைப் போடுவதற்கு உதவவே இக்கட்டுரை.

“நாங்க பாக்காத இருட்டா மக்களே?”

முன்னேற்பாடு பற்றிப் பேசும்போதெல்லாம் முதியோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் படித்து, கிணற்றில் நீர் இறைத்து, அம்மியில் அரைத்து வாழ்ந்த தலைமுறை அது. ஆனால் அந்த நாட்களுக்குப் பிறகு இரண்டு மாறுதல்கள் நேர்ந்துள்ளன.

முதலாவது, வீடு மாறிவிட்டது. கிணறு இன்னும் இருக்கிறது. ஆனால் மோட்டார் வைத்தபோது கப்பியையும் கயிற்றையும் கழற்றிவிட்டோம். பல வீடுகளில் கிணற்றின்மேல் இரும்பு வலையும் போட்டுவிட்டோம். மின்சாரம் நின்ற மறுநாள் மாடித் தொட்டி காலியாகும். நீர் நிறைந்த கிணற்றின் அருகிலேயே நீரின்றித் தவிக்க நேரும். அடுத்த வீட்டில் உடன்பிறந்தார் இருந்த காலமும் போய்விட்டது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். 2021இல் தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 13.6 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது; கேரளத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே மிகுதி இதுதான். இரு மாநிலங்களின் எல்லையில் வாழும் நாம் இதனை ஒவ்வொரு தெருவிலும் காண்கிறோம்.

இரண்டாவது, உடல் மாறிவிட்டது. முப்பது வயதில் இருட்டில் நடந்த கால்களும், எண்பது வயதில் மூட்டுத் தேய்வோடும் கண்புரையோடும் நீரிழிவால் மரத்துப்போன பாதங்களோடும் நடக்கும் கால்களும் ஒன்றல்ல. முற்காலத்தில் இவ்வளவு நோய்களோடு இவ்வளவு நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. இன்று பலர் வாழ்வது மருந்துகளாலும் கருவிகளாலும்தான். அக்கருவிகளுள் பல சுவரிலுள்ள மின்செருகியை நம்பியே இயங்குகின்றன.

தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதல் பத்தியில், முதியவரின் உடல்நலத்துக்காக மின்சாரத்தை நம்பியிருக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். இரண்டாவதில், மின்சாரம் நின்றபின் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எழுதுங்கள். மூன்றாவதில், அதன்பின் என்ன மாற்று என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் வெற்றிடம் எங்கிருக்கிறதோ அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

எல்லாவற்றையும் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது பலரது நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி ஆற்றல் உண்டு. இழப்புகள் போக, நல்ல நிலையிலுள்ள பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 1,100 முதல் 1,300 வரை கிடைக்கலாம். ஒரு மின்விசிறியும் இரண்டு எல்.இ.டி. விளக்குகளும் சேர்ந்து 100 வாட்டுக்குள் அடங்கும். ஆகவே இரவு முழுவதும் ஓடும். ஆனால் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டிக்கு ஏறத்தாழ 350 வாட் தேவை. அதே பேட்டரியில் அது மூன்று மணி நேரம் அளவுக்கே ஓடும். மூன்று நான்கு ஆண்டு பழகிய பேட்டரியாயின் அதனினும் குறைவு. “எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் விடியும்வரை தாங்கும்” என்று சொல்லும் குடும்பத்தினர் விசிறியை எண்ணிச் சொல்கிறார்கள். செறிவூட்டியை வைத்துக் கணக்கிட்டால் நள்ளிரவிலேயே ஆற்றல் தீர்ந்துவிடும். மேலும், இத்தகைய கருவிகளுக்கு ‘சைன் வேவ்’ வகை இன்வெர்ட்டரே ஏற்றது. உங்களிடம் உள்ளது எந்த வகை என்று விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூச்சுக்கான கணக்கு

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோருக்குச் செறிவூட்டியுடன் ஒரு சிலிண்டரும் கட்டாயம் இருக்க வேண்டும். ‘பி’ வகைச் சிலிண்டர் முழுமையாக நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பெறுபவருக்கு அது 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் வரும். ‘டி’ வகைப் பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் உண்டு. அதே வேகத்தில் இரண்டு நாட்களுக்கும் சற்று மேலாக வரும். அழுத்தமானியின் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதிதான். உங்கள் வீட்டு நோயாளிக்கு மருத்துவர் எழுதிய வேகத்தால் வகுத்து, கிடைக்கும் மணி நேரத்தைச் சிலிண்டரின் மீதே ஒட்டிவையுங்கள். திறக்கும் சாவி சிலிண்டரிலேயே கட்டித் தொங்கட்டும். வீட்டில் குறைந்தது இருவருக்காவது அதைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பதற்றத்தில் ஆக்சிஜனின் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜனே உடலில் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருப்பதே போதுமானது. உங்கள் நோயாளிக்கு உரிய அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறும்போது நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசையில் தலையணை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிச் சற்றே சாயச் செய்யுங்கள். பனையோலை விசிறியால் முகத்துக்கு நேரே வீசுங்கள். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கும் என்பது ஆய்வுகளாலும் அறியப்பட்டது. ஆனால் விசிறி ஆக்சிஜனுக்கு ஈடாகாது. உதவி வரும்வரை அமைதி தரும், அவ்வளவே.

நெபுலைசர் பயன்படுத்துவோர், அதே மருந்தை இன்ஹேலரும் ஸ்பேசரும் கொண்டு எடுத்துக்கொள்ள இப்போதே பழகிக்கொள்ள வேண்டும். உறக்கத்தில் மூச்சுக் கருவி அணிவோர், மின்தடையின்போது அதன் ஈரப்பதமூட்டியை நிறுத்திவைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். தொண்டைத் துளை உள்ளவர்களின் வீட்டில், மிதித்து இயக்கும் அல்லது கையால் இயக்கும் சளி உறிஞ்சும் கருவி ஒன்று மாற்றாக இருக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அஞ்ச வேண்டாம். அது தனக்குரிய பேட்டரியில் இயங்குவது. வீட்டு மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படுத்த படுக்கையாக இருப்போரின் காற்று மெத்தையை மறந்துவிடக் கூடாது. காற்று இறங்கியபின் நோயாளி ஏறத்தாழக் கட்டில் பலகையின்மீதே கிடப்பார். முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் ஏற்பட ஓர் இரவே போதும். மாற்றாக ஒரு பஞ்சு அல்லது நுரை மெத்தையை வைத்திருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். யார் எந்த நேரத்தில் புரட்டுவது என்பதை முன்னமே பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலினும் பிற மருந்துகளும்

மின்சாரம் நின்றதும் இன்சுலின் கெட்டுவிடும் என்றஞ்சி ஊசியையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது தேவையற்ற அச்சம். ஊசியை நிறுத்துவதே பெரிய ஆபத்து. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் குப்பிகளும் பேனாக்களும் 30 டிகிரி செல்சியசுக்குள் நான்கு வாரங்கள் வரை கெடுவதில்லை. சரியான காலம் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். திறக்காத குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே விட்டு, கதவைத் திறக்காமல் வைத்திருங்கள். மின்தடை நீடித்தால், அவற்றை நீர் புகாத டப்பாவில் இட்டு, அகன்ற மண்சட்டியில் ஈர மணல் நிரப்பி, அதன் நடுவே வைத்த சிறு மண்பானைக்குள் வையுங்கள். ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, மணல் காயாமல் நீர் தெளித்துவந்தால் போதும். பனிக்கட்டியோடு நேரடியாகச் சேர்த்து வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது உணவு. சமையல் தடைபட்டு, முதியவர் அரைவயிறு உண்டு, வழக்கமான அளவு இன்சுலினையோ மாத்திரையையோ எடுத்துக்கொண்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். இருட்டில் அவர் உறங்குகிறாரா மயங்கிக் கிடக்கிறாரா என்று தெரியாது. வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு கண்டால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

மழைக்காலம் தொடங்கும்முன் இரண்டு வார மருந்து கையிருப்பில் இருக்கட்டும். வலிப்பு, இரத்த உறைதல், இதயம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை ஒரு நாளும் விடக் கூடாது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டில் மருந்து பெறுவோர், அடுத்த தவணையைச் சற்று முன்னதாகப் பெற இயலுமா என்று தம் பகுதிப் பணியாளரிடம் கேட்கலாம்.

விழுந்த தேங்காயும், கஞ்சியும் ஊறுகாயும்

இப்பகுதி மக்கள் தனியே அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று இது. காற்றடித்தபின் தோட்டமெங்கும் இளநீர்க் குலைகளும் வாழைக்குலைகளும் விழுந்து கிடக்கும். குடிநீர் குறைந்த நேரத்தில் இளநீரும், சமையல் இல்லாத நேரத்தில் நேந்திரனும் மட்டியும் இயல்பாகவே கைக்கு வரும். நலமாக இருப்பவர்களுக்கு அவை நல்ல உணவு. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், சிறுநீரகம் வெகுவாகச் செயல் குன்றியோருக்கும் அவற்றிலுள்ள பொட்டாசியம் ஆபத்தானது. சாலை அடைபட்டு டயாலிசிஸ் ஒரு முறை தவறிய நாளில் இரண்டு இளநீர் குடித்தால், இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இந்த நோயாளிகளுக்கு அந்நாட்களில் இளநீர், வாழைப்பழம், பழச்சாறு வேண்டாம். நீரின் அளவும் மருத்துவர் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் டயாலிசிஸ் பிரிவை அழைத்து, முறையை ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து உப்பில் இருக்கிறது. மீனும் காய்கறியும் வராத நாட்களில் கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும் அப்பளமுமே துணை. மூன்று நாட்கள் இவ்வாறு உண்டால் உடலில் நீர் தேங்கி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கும். பயறு, தேங்காய்த் துவையல் போன்றவற்றை உப்புக் குறைத்துச் செய்துகொடுங்கள். எடை பார்க்கும் கருவி இருந்தால் காலையில் எடையைக் குறித்துவையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் காத்திருக்க வேண்டாம்.

மற்ற முதியோர் போதிய நீர் பருக வேண்டும். இரவில் கழிவறைக்கு எழ அஞ்சி, மாலையிலேயே நீர் குடிப்பதை நிறுத்திவிடுவது முதியோரின் வழக்கம். புழுக்கத்தில் அது சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்துக்கும் வழிகோலும். குடிக்க, சமைக்க, கழுவ என ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வீதம் மூன்று நாட்களுக்கு நீர் நிரப்பிவையுங்கள். கப்பி, கயிறு, வாளி மூன்றையும் தேடியெடுத்து, கிணற்றில் மாட்ட முடிகிறதா என்று ஒருமுறை மாட்டிப் பாருங்கள். வெள்ளம் கலந்த கிணற்று நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம்.

இருட்டு

மின்தடை நாட்களில் முதியோருக்கு நேரக்கூடிய மிகக் கொடிய விபத்து, படுக்கையிலிருந்து கழிவறைக்குச் செல்லும் இருபது அடிக்குள்தான் நேர்கிறது. இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயதினர் பலர் மீண்டும் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. தலையணைக்கு அருகே, கைக்கு எட்டும் இடத்தில், ஒரே இடத்தில், டார்ச் விளக்கு இருக்கட்டும். மூக்குக்கண்ணாடியும் கேட்புக் கருவியும் கைத்தடியும் அதனருகில் இருக்கட்டும். நடைபாதையிலுள்ள மிதியடி, வயர், மணைப்பலகை ஆகியவற்றை அகற்றுங்கள். இரவில் படுக்கை அருகிலேயே சிறுநீர்க் கலமோ கழிவறை நாற்காலியோ வைப்பதில் இழிவு ஏதுமில்லை.

நினைவாற்றல் குன்றியோருக்கு இருட்டும் புழுக்கமும் திடீர் மனக்குழப்பத்தை உண்டாக்கும். உளறுவார்கள், எழுந்து வெளியே செல்ல முயல்வார்கள். அருகில் பழகிய குரல் ஒன்று இருப்பதும், சிறு வெளிச்சம் ஒன்று எரிவதும், பகலில் சன்னலைத் திறந்துவைப்பதும் நல்ல மருந்துகள். உறக்கம் வரவில்லை என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் தூக்கமாத்திரை கொடுக்காதீர்கள். விழுவதற்கும் குழப்பம் மிகுவதற்கும் அதுவே காரணமாகும்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, குத்துவிளக்கு, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. பத்தடிக்குள் தீ என்பதே இருக்கக் கூடாது. கொசுவுக்குக் கொசுவலையே பாதுகாப்பு. ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதைத் திண்ணையிலோ கார் கொட்டகையிலோ ஓட்ட வேண்டாம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வெட்டவெளியில், சன்னல்களுக்கு இருபதடிக்கு அப்பால் வையுங்கள். வீட்டு இணைப்பில் முறையான மாற்றுச்சுவிட்ச் இன்றி அதை இணைத்தால், மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, கம்பத்தில் ஏறி உழைக்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கும்.

யார் வீட்டில் இருக்கலாம், யார் கிளம்ப வேண்டும்?

இந்த முடிவைக் காற்று வீசத் தொடங்கியபின் எடுக்க முடியாது. மரம் விழுந்த சாலையில் 108 ஊர்தியும் வர இயலாது. ஆகவே வானிலை மையம் நம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்து, பலத்த காற்றும் எதிர்பார்க்கப்படும்போதே முடிவெடுங்கள்.

இடைவிடாது ஆக்சிஜனோ மூச்சுக் கருவியோ தேவைப்படுபவர் முதல் வகையினர். உங்கள் தாளிலுள்ள கணக்கு 48 மணி நேரத்தை எட்டவில்லையென்றால், எச்சரிக்கை வந்த பகலிலேயே அவரை இடம் மாற்றுங்கள். மருத்துவமனைக்கு அருகில், ஜெனரேட்டர் வசதியுள்ள உறவினர் வீடு இருந்தால் அதுவே போதும். மருத்துவமனைக்கே வருவதாயின் முன்னதாக அழைத்துச் சொல்லிவிட்டு வாருங்கள். படுக்கையையும் ஆக்சிஜனையும் ஒதுக்கிவைக்க எங்களுக்கு அது உதவும். டயாலிசிஸ் நோயாளிகளும், தனியே வாழும் நடமாட்டம் குறைந்தோரும் இரண்டாம் வகையினர். இவர்கள் தனியாக இருக்கக் கூடாது. ஒருவர் வந்து தங்க வேண்டும், அல்லது இவர்கள் சென்று தங்க வேண்டும். துணையோடு வாழும் ஏனையோர் முன்னேற்பாடுகளுடன் வீட்டிலேயே இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். அந்நாட்களில் உங்கள் அழைப்பு போய்ச் சேராது. வீட்டிலுள்ள இணைய வழித் தொலைபேசியும் அதன் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் ஒலிக்காது. காலையும் மாலையும் நேரில் சென்று பார்க்க, தெருவில் இரண்டு வீட்டாரிடம் இப்போதே பேசிவையுங்கள். ஒரு வீட்டாரிடம் சாவியும் இருக்கட்டும். எண்கள் கைப்பேசிக்குள் மட்டும் இருந்தால் பயனில்லை. பெரிய எழுத்தில் தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் தாங்கும் பொத்தான் கைப்பேசி ஒன்று முதியவரிடம் இருப்பது நல்லது.

ஒத்திகைக்கு ஒரு நாள்

இவ்வளவையும் சரிபார்க்க ஒரு நல்ல வாய்ப்பை மின்வாரியமே தருகிறது. பராமரிப்புப் பணிக்காக எந்தத் துணைமின் நிலையப் பகுதிகளில் எப்போது மின்சாரம் நிறுத்தப்படும் என்று நாளிதழ்களில் முன்னதாகவே அறிவிப்பு வருகிறது. நாம் அதைக் கண்டு மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவதோடு நின்றுவிடுகிறோம். அடுத்த முறை அந்த நாளை ஒத்திகை நாளாக்குங்கள். பகல் வேளை, சாலை திறந்திருக்கிறது, மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கிறது. தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

மின்சாரம் நின்ற நேரத்தைக் குறியுங்கள். இன்வெர்ட்டர் எப்போது ஒலி எழுப்புகிறது என்று குறியுங்கள். சிலிண்டரின் முள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வீட்டிலிருக்கும் மருமகளோ பேரனோ பிறர் உதவியின்றிச் சிலிண்டரை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். ஆக்சிமீட்டரில் அளவு குறைந்தால் ஒத்திகையை நிறுத்திவிட்டு உடனே உதவி நாடுங்கள். அன்று மாலை உங்கள் தாளின் இரண்டாம் பத்தியில் நீங்கள் எழுதிய மணிகளைத் திருத்த நேரிடும். பெரும்பாலும் குறைத்தே திருத்துவீர்கள். அந்தத் திருத்தத்தின் பயன் புயல் இரவில் தெரியும்.

அலமாரிக் கதவில் ஒட்டிவைக்க

நோயின் பெயர், மருந்துகளின் பட்டியல், ஆக்சிஜன் அளவு, ஒவ்வாமை எழுதிய தாள்.
இரண்டு வார மருந்து; குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தக் கருவிகளுக்கான பேட்டரிகள்.
டார்ச் விளக்கு, கொசுவலை, பனையோலை விசிறி.
மூன்று நாள் நீர். கப்பி, கயிறு, வாளி.
உலர் உணவு, சர்க்கரை, தீப்பெட்டி, நிரம்பிய எரிவாயு உருளை.
மருத்துவ ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077. முதியோர் உதவி எண்: 14567. மின்தடைப் புகார், மின்னகம்: 94987 94987.

மின்னகத்தை அழைக்கும்போது, வீட்டில் ஆக்சிஜனை நம்பியிருக்கும் நோயாளி இருக்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி எதையும், மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. இந்தத் தாளை முதியவருக்குத் தெரியாமல் நீங்களே எழுதி முடித்துவிடாதீர்கள். அவரை அருகில் உட்காரவைத்து எழுதுங்கள். வீட்டை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் இருப்பது அவர்களின் பிடிவாதம் அன்று. தாம் கட்டிய வீட்டை, வளர்த்த மாட்டை, விளக்கேற்றும் அறையை விட்டுப் போவதில் அவர்களுக்கு உள்ள வருத்தம் அது. மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவார், வீட்டை யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரி எழுதப்பட்டிருந்தால், எச்சரிக்கை வரும் நாளில் அவர்கள் எளிதாகவே எழுந்து வருவார்கள்.